ஓட்டும்போது பேசாத அண்ணன்

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். காரைக்குடியில் செல்போன் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணுகிறவர் யாராக இருந்தாலும் முதல் விரலை என் அண்ணனுக்குத்தான் மடக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். கையடக்கச் செங்கல் மாதிரி ஒரு கறுப்புக் கருவி, தலையில் ஒரு கொம்பு. அதைப் போட்டால் சட்டைப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். தொங்குவது ஊருக்குத் தெரிய வேண்டும் என்று மெல்லிசான வெள்ளைத் துணியாகப் பார்த்து நாலைந்து சட்டை தைத்துக்கொண்டார்.

பழைய வீடுகளை இடிக்கும்போது நிலை, கதவு, தேக்குத் தூண் என்று வாங்கி வெளியூருக்கு விற்பது அண்ணனின் தொழில். அப்போது எங்கள் பக்கத்தில் அந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. சரக்கை அடுக்கிவைக்கும் கொட்டகை தேவகோட்டையில் இருந்தது. தினமும் காலையில் தன் வெள்ளை மாருதியில் காரைக்குடியிலிருந்து கிளம்பிப் போவார். சென்னை பார்ட்டி, கொச்சி பார்ட்டி எல்லாம் அவரைச் செல்லில்தான் பிடிப்பார்களாம். செல் வருவதற்கு முன்னால் அந்தப் பார்ட்டிகள் அவரை எப்படிப் பிடித்தார்கள் என்று நான் கேட்டதற்கு, "ஒனக்கு யாவாரம் புரியாதுத்தா" என்றார். நான் சாக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வியாபாரம் எங்கே புரியப்போகிறது.

அந்தச் செல்லிடம் ஒரே ஒரு சிக்கல். ஊருக்குள் டவர் எடுக்காது. அண்ணன் வீட்டில் எடுக்காது, கடைவீதியில் எடுக்காது, தேவகோட்டைக் கொட்டகையிலும் எடுக்காது. தேவகோட்டை ரோட்டில் ஓர் இடத்தில் ரோடு மேடேறிக் கண்மாய்க்கரை மேலேயே கொஞ்ச தூரம் போகும். அந்தக் கரையில் ஏறியதும் செல்லுக்கு உயிர் வரும். கரையை விட்டு இறங்கியதும் செத்துவிடும். பார்ட்டிகளுக்கும் இது தெரிந்துபோய், அவர் கரையேறுகிற நேரம் பார்த்துக் கூப்பிடப் பழகியிருந்தார்கள். கரை குறுகல். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். எதிரில் பஸ் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில்தான் என் அண்ணன் ஒரு கையால் வண்டியையும் இன்னொரு கையால் வியாபாரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

புத்தியுள்ள எவரும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவார். அதையும் அவரிடம் கேட்டேன்.

"நின்டுக்கிட்டுப் பேசுறதுக்குத்தான் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்து இருக்கே. போய்க்கிட்டே பேசத்தான செல்லு? நிப்பாட்டிப் பேசுனா அப்பறம் இதை எதுக்கு வாங்குனேன்?"

அவர் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளட்டும், அவர் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். விட முடியாததற்குக் காரணம் என் மகள்.

அவள் அப்போது நாலாம் வகுப்பு. தேவகோட்டையில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்தாள். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போவது நேர் எதிர்ப்பக்கம். அண்ணன் தினமும் தேவகோட்டை போகிறவர், தாய்மாமன் வேறு. "எம் மருமகளை நானே கொண்டுபோயி விட்டுர்றேன்" என்று தானாகவே ஏற்றுக்கொண்டார். எங்கள் ஊரில் மாமன் ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் அது சீர் மாதிரி. வேண்டாம் என்று சொல்ல முடியாது. காது குத்தும்போது மடியில் உட்காரவைத்த மாமன், நாளைக்குக் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக்கொண்டு வரப்போகிற மாமன். அவர் வண்டியில் ஏறாதே என்று பிள்ளையை நிறுத்தினால், அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆகவில்லையாம் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பிள்ளையோ முன்சீட்டில் மாமன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிற ரகம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்று நானும் அந்த வண்டியில் போனேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கரை மேட்டில் ஏறியதுமே சட்டைப்பை கத்தத் தொடங்கியது. அண்ணன் அதை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். சாய்த்ததும் குரல் ஏறியது. கம்பியில்லாத போன்தான், ஆனால் கத்துவது என்னவோ போனே இல்லாமல் சென்னைக்கு நேராகக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி.

"பர்மாத் தேக்குங்க. நான் என்ன வேப்பமரத்தையா குடுக்குறேன்? தூணை ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சாலும் விரலு தொடாதுங்க."

விரல் தொடாது என்பதை விளக்க ஸ்டியரிங்கில் இருந்த கையையும் எடுத்து, அந்தரத்தில் தூணைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். சென்னையில் இருப்பவர் அதைப் பார்க்கவா போகிறார்? நான் பார்த்தேன். எதிரே வந்த டவுன்பஸ்ஸும் பார்த்திருக்க வேண்டும். அது அலறிக்கொண்டு அந்தப் பக்கம் ஒதுங்க, எங்கள் வண்டியின் இடதுபக்கச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்தில் ஒரு பெண் காயப்போட்டிருந்த கொள்ளின் மேல் ஏறிச் சறுக்கியது. என் பக்க ஜன்னலுக்குக் கீழே ரோடு இல்லை, பள்ளம்தான் தெரிந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து மேலே கொண்டுவந்தார். அந்தப் பெண் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். இவர் ஓட்டுக் கேட்டு வந்தவர் மாதிரி அவளுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, ரோடு மோசம், நீங்க சொல்லுங்க" என்று பேச்சைத் தொடர்ந்தார்.

என் மகள் முன்சீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவள் தோளைத் தொட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, "தெனமும் இப்பிடித்தாம்மா" என்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றேன். என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். அவர் மச்சானுக்கு எதிரில் வாயைத் திறக்க மாட்டார் என்று தெரியும். ஆள்பலத்துக்காகக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மதினி காபி கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, வண்டி ஓட்டும்போது செல் பேசக் கூடாதுன்னு சட்டமே போடணுங்குறாக, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். யார் சொன்னார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. நான்தான் மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பேப்பரை மடித்தார். சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பட்டிமன்றம் பேசுகிற உற்சாகம் வந்துவிடும். "பஸ்ஸு டிரைவரு பீடி பத்தவைக்கிறானே, அதுக்குச் சட்டம் இருக்கா? லாரிக்காரன் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போறானே, அதுக்கு? பொஞ்சாதியப் பின்னால வச்சு டி.வி.எஸ். ஓட்டுறவன், அவ கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டேதான போறான்? அவன் வாய்க்குப் பூட்டுப் போடுவாகளா?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆள்பலத்துக்கு நான் கூட்டிவந்த ஆள். வீட்டுக்கு வாருங்கள், வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு பார்வை பார்த்தேன். சிரிப்பைக் காபியில் முக்கிக்கொண்டார்.

"பொஞ்சாதி பேசுனாலும் அவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்குண்ணே. ஒங்களுக்குக் கண்ணு மெட்ராஸ்ல இருக்கு. பிள்ளை பக்கத்துல உக்காந்துருக்கா, நெனப்பு வேண்டாமா?"

இப்போது மதினி வந்தார் துணைக்கு, எனக்கில்லை. "நீங்க வேற, அவுக பேசாம ஓட்டுனா தூங்கிருவாக. பேசிக்கிட்டே போறதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு."

நல்ல பாதுகாப்பு. தலையில் அடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். டவுன்பஸ்ஸில் அனுப்பலாம் என்றால் வீட்டுக்காரர், "ஒங்கண்ணன் முகத்துல எப்பிடி முழிக்கிறது?" என்றார். பிள்ளை பள்ளத்தில் விழுந்தால் யார் முகத்தில் முழிப்பது என்று கேட்டதற்குப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பேப்பர் ஒரு கதவு மாதிரி. சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

தினமும் காலையில் அந்த மாருதி வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். பிள்ளை ஓடிப்போய் ஏறுவாள். அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று மனம் சமாதானம் ஆகும்வரை நான் என் வகுப்பில் வாய்ப்பாட்டைத் தப்புத்தப்பாகச் சொல்வேன். பிள்ளைகள் திருத்துவார்கள்.

சட்டம் இல்லை, போலீஸ் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. மிச்சம் இருந்தவர் கருப்பர்.

எங்கள் பக்கத்தில் போலீஸுக்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. கருப்பர் முன்னால் சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறுகிறவர்களை நான் பார்த்ததில்லை. கோர்ட்டில் வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆளும் கருப்பர் கோயில் வாசலில் எச்சிலை விழுங்குவான். அண்ணனும் அப்படித்தான். தூணில் உளுத்தது இருந்தால் மெழுகு வைத்து மறைத்து விற்பார், ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கருப்பருக்கு மாலை போடுவார்.

வருஷப் பொங்கல் வந்தது. சொந்தபந்தம் எல்லாம் கோயிலில் கூடியிருந்தது. பூசாரி தீபாராதனை காட்டிவிட்டுச் சூடத்தட்டைக் கீழே வைக்கப்போன நேரம், நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, என் மகளைக் கூட்டிக்கிட்டு வண்டி ஓட்டும்போது செல் பேசமாட்டேன்னு சாமி முன்னால சொல்லுங்க."

பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்றால், மருமகளுக்காக இது கூடச் செய்யாத மாமனா என்று பேச்சு வரும். அண்ணன் முகம் சிவந்தது. பிறகு சபைக்காக ஒரு சிரிப்புச் சிரித்தார். "இதுக்குப் போயிக் கருப்பரு எதுக்குத்தா? எங்கிட்டச் சொன்னாப் பத்தாதா?" என்று சொல்லிக்கொண்டே, "எம் மருமகளைக் கூட்டிக்கிட்டு வண்டி ஓட்டும்போது செல் பேசமாட்டேன்" என்று உரக்கச் சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார். கை சுட்டிருக்கும். உதறவில்லை. வைராக்கியக்காரர்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டெல்லியில் உட்கார்ந்து போட வேண்டிய சட்டத்தை ஒரு சூடக்கட்டியை வைத்துப் போட்டுவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அவர் காதைப் புளிக்கவைத்தேன். வகுப்பில் வாய்ப்பாடு தப்பில்லாமல் வந்தது. பிள்ளையிடம், "மாமா இப்பப் போன் பேசுறாகளா?" என்று சும்மா ஒருநாள் கேட்டேன். "ஓட்டும்போது பேசமாட்டாகம்மா. சத்தியமில்ல?" என்றாள். கருப்பருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

பிள்ளையிடமும் மாற்றம் தெரிந்தது. இழுத்துப் பிடித்துத் தலைசீவ வேண்டியவள், ஹாரனுக்கு முன்பே ரெடியாகி வாசலில் நின்றாள். சாயங்காலம் பள்ளிக்கூட ரிக்ஷா கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிட, பஸ்ஸில்தான் வீடு திரும்புவாள். அதில் ஏறினாலும் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாளாம். நன்றாக வேடிக்கை பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் டி.வி.எஸ்.ஸில் எதிரில் வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி முள்ளுக்குள் போய் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை எலும்பைக் கடித்தபடி, பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்.

"ரொம்ப ஒடிச்சிருப்பீகப்பா. லேசா ஒடிக்கணும். நானெல்லாம் கரை மேல பஸ்ஸு வந்தாக்கூட லேசாத்தான் ஒடிப்பேன்."

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குக் கை சோற்றிலேயே நின்றது. "நீ என்னத்தடி ஒடிப்ப?"

"ஸ்டியரிங்கத்தான். போன் வந்தா மாமா ஓட்டமாட்டாகளே, சத்தியம் பண்ணிருக்காக. அவுக பேசி முடிக்கிற வரைக்கும் நாந்தாம்மா ஓட்டுவேன். பிரேக்கு, கிளச்சு எனக்கு எட்டாது, அதை மட்டும் மாமா பாத்துக்கிருவாக. கரை மேல ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிருவேன்." அப்புறம், பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, "இதுவரைக்கும் ஒரு தடவைதாம்மா கீழ எறங்குச்சு" என்றாள்.

கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுத்திருக்கிறாயே, நீ மனுஷனா என்று ஒருமையில் கேட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து அவரை அப்படிக் கேட்டதில்லை.

அண்ணன் பதறவில்லை. தட்டை ஏந்துகிற மாதிரி உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"இந்தக் கையிலதான சூடத்தை அணைச்சேன்? சாமி முன்னால நீ என்ன சொல்லச் சொன்ன? ஓட்டும்போது பேசமாட்டேன்னு. நான் ஓட்டும்போது பேசுனேனா? பேசும்போது ஓட்டுனேனா? நீயே சொல்லு. சத்தியத்துல ஒரு குத்தம் இருந்தா கருப்பரு என்னைக் கேக்கட்டும்."

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"எம் மருமகத்தா அவ. எனக்கில்லாத அக்கறையா? கீழ பிரேக்கு எங்கால்லதான இருக்கு?"

மதினி உள்ளேயிருந்து வெற்றிலைத்தட்டோடு வந்தார். "பிள்ளை நல்லா வளைக்குதாம்ல. அவுகதான் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாக. பொம்பளைப் பிள்ளை வண்டி பழகிக்கிட்டா நல்லதுதான?"

பின்னாலேயே வந்து சேர்ந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் தொண்டையைச் செருமினார். "சத்தியத்தப் பொறுத்தமட்டுக்கும் மச்சான் மீறலதான்" என்றார்.

அடுத்த வாரம் பங்காளிகள் காதுக்கும் விஷயம் போனது. எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கும் வந்தார்கள். மாமன் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். நான்தான் கூடப்பிறந்தவரை ஒருமையில் பேசிவிட்டேன். ஆகவே நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தத் தீர்ப்பைச் சொன்னவர்கள் ஒருவருக்காவது, அந்தக் கரை மேல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யாருடைய கை என்று கேட்கத் தோன்றவில்லை.

தீர்ப்பு வருகிறவரைக்கும் நான் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே ஹாரன் அடித்தபோது வாசலுக்குப் போய், "பிள்ளை இனிமே பஸ்ஸுல போவா" என்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்ப மாமன் வேண்டாம். சரி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருமுனை வரைக்கும்.

என் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். முன்சீட்டு போய்விட்டதே, ஓட்டுகிற விளையாட்டு போய்விட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் எரிச்சல். "என்னத்துக்குடி இந்த அழுகை? பஸ்ஸுல போனா ஒசத்தி கொறஞ்சிருமா?" என்று அதட்டினேன்.

தேவகோட்டை பஸ் வந்து நின்றது. எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். அவள் ஏறவில்லை. என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தேம்பித் தேம்பிக் கேட்டாள்.

"இந்நேரம் மாமா கரை மேல ஏறியிருப்பாகம்மா. போன் வந்தா வண்டிய யாரும்மா பிடிப்பா?"